விசிறி நாலில்

பாம்பன் ஆரம்ப சுகாதார நிலையத்தில்
என் அறைக்குக் கதவு உண்டு.
சுவர்தான் கூரையைத் தொடாது,
ஆளுயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு.
அந்தப்பக்கம் பெஞ்சு.
பெஞ்சில் எப்போதும் ஐந்து பேர், பத்துக் காதுகள்.
அதனால் யாராவது வந்து உட்கார்ந்ததும்
விசிறியை நாலில் வைப்பேன்.
கடகடவென்று அது போடும் சத்தம்தான்
ரகசியம் காக்க அரசு எனக்குத் தந்தது.

அவள் வந்தது கச்சான் தொடங்கிய வாரம்.
மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறவள்.
விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை.
பெயர் சொல்ல மாட்டேன்.
முதல் வரியில் பாம்பன் என்றேனே,
அதையும் நீங்கள் நம்ப வேண்டாம்.

இரத்தப் பரிசோதனைக்கு ஒப்புதல் படிவம்.
‘எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது’
என்று கீழே அச்சடித்திருக்கும்.
பதினோரு வருடமாக அந்த வரிதான்
எனக்குப் பதிலாக விளக்கிக்கொண்டிருந்தது.
“இங்க வைங்க” என்பேன். வைப்பார்கள்.

அவள் வைக்கவில்லை.
“வச்சா என்னத்துக்குச் சரின்னு அர்த்தம்?”

சொன்னேன்.
எவ்வளவு எடுப்போம், எந்த ஊருக்குப் போகும்,
என்னவெல்லாம் தெரியவரலாம்,
தெரிந்த பிறகு தெரியாததாக்க முடியாது என்பதையும்.
“வேண்டாம்னா?”
வேண்டாம் என்றாலும் மாத்திரை உண்டு, ஊசி உண்டு,
இங்கே யாரும் முகம் சுளிக்கக் கூடாது.
“இல்ல, எம் புருசன்...”

கரண்ட் போனது.
விசிறி மூன்று சுற்று சும்மா சுற்றி நின்றது.
அவளும் நின்றாள், அந்தச் சொல்லிலேயே.
தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒரு இருமல்கூட இல்லை.
வெகுநேரம்.
பிறகு கச்சான் கூரை ஷீட்டைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
அந்தச் சத்தத்துக்குள் மீதியைச் சொல்லி முடித்து
“யோசிச்சுட்டு வாரேன்” என்று போய்விட்டாள்.

பதிவேட்டில் சம்மதத்துக்கு ஒரு கட்டம்,
மறுப்புக்கு ஒரு கட்டம்.
யோசிக்கிறவர்களுக்குக் கட்டம் இல்லை.
குறிப்புகள் என்ற ஓரத்தில் எழுதினேன்:
யோசிக்கிறார்.

நாலாம் நாள் வந்தாள்,
தண்ணீர் வற்றி, பாசிக்குப் போகவேண்டிய நேரத்தில்.
பெருவிரலை மையில் அமுக்கித் தாளில் வைத்தாள்.
ரேகை விழவில்லை.
பாறை தேய்த்த விரல்.
ஊதா வட்டம் மட்டும், ஒரு கோடில்லாமல்.
ஆய்வுக்கு வருகிறவர் இதை ஏற்பாரா, தெரியாது.
நான் ஏற்றேன். கேட்டுத்தானே வைத்தாள்.

மறுவாரம் அவள் கொழுந்தன்.
“என்னவாம் அவளுக்கு? ஒரே ஊருதானே, மேடம்.
இந்தக் கூரைக்கு ஷீட்டு வாங்கித் தந்ததே நாந்தான்.”
“நல்ல ஷீட்டு” என்றேன். “அவங்களையே கேளுங்க.”
அன்றிலிருந்து அவர் ஏலத்தில்
எனக்கு ஒரு நகரை மீன் விழுந்ததில்லை.

ஐப்பசிப் புயலில் அலமாரிக்குள் தண்ணீர்.
பதிவேடு ஊறிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன.
மழை விட்டதும் கரை நெடுகப் பெண்கள்
பாசியைக் காயப்போட்டிருந்தார்கள்.
அந்த வெயில் எனக்கு ஆகாது.
கதவைச் சாத்தி
தரையில் ஒவ்வொரு தாளாய்ப் பரப்பி
விசிறியை நாலில் வைத்தேன். மூன்று நாள்.
மேடம் லீவு என்று பெஞ்சில் பேசிக்கொண்டார்கள்.

தை பிறந்து வந்தாள்.
“என்னப் பத்தி என்ன எழுதிருக்கு? வாசிங்க.”
இதுவரை யாரும் கேட்டதில்லை.
சாவியைத் தேடுவதுபோல் கொஞ்சம் யோசித்தேன்.
அவளைப் பற்றியது, அவளுடையதுதானே.
குனிந்து, மெல்ல வாசித்தேன்.
‘தலைசுற்றல்’ வந்ததும் கையை நீட்டி மறித்தாள்.
“அப்படிச் சொல்லலயே நான்.
தண்ணிக்குள்ள கண்ணு இருட்டுதுன்னேன்.
மேல வந்தா சரியாயிரும்.”
அது வேறு.
டாக்டருக்கு அது முற்றிலும் வேறு.

பழையதை ஒற்றைக் கோட்டால் அடித்தேன்,
அடித்தது என்னவென்று தெரியும்படி.
பக்கத்தில் அவள் சொன்னது, சொன்னபடி.
சுருக்கொப்பம். தேதி.
மை காயும்வரை
அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.